புதன்கிழமைக் கடல்

கொல்லம் ஆண்டு 1102 ஆடி மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1927, இரண்டாம் புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, கடலிலிருந்து பதினெட்டு மைல் உள்ளே தள்ளி, அருமனைப் பக்கத்து இளைப்பாறுதல் வீட்டின் பலாமரத்தடியில் பதினேழு சாளை மீன்கள் உயிரோடு வலையில் அகப்பட்டன. அன்று சாரல் இருந்தது உண்மைதான், ஆனால் சாரலில் சாளை வருவதில்லை. சமையற்காரி சத்தியபாய் வலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் உப்புதான் என்று சொல்லிவிட்டு, குழம்புக்குப் போடவிருந்த உப்பில் ஒரு சிட்டிகை குறைத்துக்கொண்டாள்.

இளைப்பாறுதல் வீடு என்பது சபையார் கட்டிய ஓட்டுக் கட்டடம். பிள்ளைகள் இல்லாத கிழடுகளுக்கென்று கட்டினார்கள்; வந்து சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். கஞ்சிக்குக் குறைவில்லை, ஜெபத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் எல்லாரும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போன யாரோ மேலிடத்தில் சொல்ல, தினமும் மூன்று முதல் நான்கு வரை முதியோருக்கு உல்லாச வேளை நடத்த வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. திங்கள் பாட்டு, செவ்வாய் ஓலைப்பெட்டி, வியாழன் பூச்செடி, வெள்ளி கதை சொல்லல். புதன்கிழமை மட்டும் அவரவருக்குப் பிடித்ததைச் செய்யலாம்.

வீட்டுப் பொறுப்பிலிருந்த இஸ்ரவேல் உபதேசியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். அறுபது எழுபது வருஷம் பாடுபட்ட ஜனங்களிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஐம்பது வருஷம் பனையேறிய ரசலையன் வெகுநேரம் யோசித்து, "பனையில ஏறாம கெடக்கது பிடிக்கும்" என்றார். உபதேசியார் அதையும் எழுதிக்கொண்டார். மற்றவர்கள் அதற்குள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சபையில் சேர வேண்டுமென்றால் பத்துக் கற்பனையும் மனப்பாடமாகச் சொல்லி ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்தவர்களுக்கு ஞானஸ்நானம். ஆகவே உல்லாச வேளையும் ஒரு பரீட்சை, ஒழுங்காகச் செய்து முடிப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அந்தப் பாவப்பட்ட கிழடுகள் நம்பிவிட்டன. முடித்தால் விட்டுவிடுவீர்களா என்று நேசபாய் கேட்டதற்கு, உபதேசியார் சிரித்துக்கொண்டே, "மொதல்ல முடியுங்க, பாப்போம்" என்றார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் வாய் தவறிச் சொன்ன சொல்லுக்கு மருந்து கிடையாது.

நேசபாய் நாலு மாதத்தில் ஒரு லேஸ் விரிப்பைப் பின்னி முடித்தாள். முடித்த அன்றே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வாசல் கதவோரம் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தது. யாரும் வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே வந்ததைப் பதினோரு பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றையும் முடிக்கவில்லை. ஓலைப்பெட்டிகள் மூடியில்லாமல் நின்றன. வெள்ளிக்கிழமைக் கதைகளில் ராஜகுமாரன் கோட்டை வாசல்வரை வந்து அங்கேயே நின்றான். முடிக்காத வரைக்கும் அனுப்பாததற்கு ஒரு காரணம் இருக்குமல்லவா.

வலை வியாகுலம்மாளுடையது. கடியப்பட்டணத்துக்காரி, மீன்கடவப் பெட்டி சுமந்தே உச்சந்தலையில் முடி கொட்டியவள். முழங்கால் ஓய்ந்த வருஷம் மகன் இஞ்ஞாசி அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சீக்கிரம் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிப் போனான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கடியப்பட்டணத்தில் அலைச்சத்தம் கேட்கிற இடத்தில் சாக வேண்டும், அங்கேயே மண்ணுக்குள் போக வேண்டும். புதன்கிழமை லேஸ் நூலை வாங்கி, மூங்கில் ஊசியில் ஏற்றி, மகனுக்கு வலை பின்ன ஆரம்பித்தாள். அவள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வலையின் கடைசிக் கண்ணை அதை வீசப் போகிறவனே கட்ட வேண்டும். பெண் கட்டினால் வலையில் மீன் ஏறாது. அதனால் இஞ்ஞாசி வரும்வரை அவளுடைய வலையும் முடியாது. பின்னிக்கொண்டே இருந்தாள்.

பின்ன வசதியாக வலையைப் பலாமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் குறுக்கே கட்டுவது வழக்கம். புதன்கிழமை மூன்று மணிக்குக் காற்றில் உப்புவாடை வரும், வலை கனத்துத் தாழும், நான்கு மணிக்கு நின்றுவிடும். சாளைக்குப் பிறகு நெத்தோலி, அயிலை, வாளை எல்லாம் ஏறின. ஒருமுறை திருக்கை ஏறி ஒரு கிளை முறிந்ததற்கு உபதேசியார் கோபித்துக்கொண்டார். மிச்ச மீன் அருமனைச் சந்தைக்குப் போயிற்று. குளச்சல் வியாபாரிகள் தங்கள் பிழைப்பில் மண் விழுவதாகப் புலம்பினார்கள். இப்படி ஏழு வருஷம் போனது. வலை இரண்டு மரத்திலிருந்து ஒன்பது மரத்துக்கு வளர்ந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் வியாகுலம்மாள் முதல் மீனைத் திருப்பிப் பார்த்து, "எனக்க கரைக்க மீனாக்கும் இது" என்று சொல்லி முகர்வாள். அவள் அதைச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

1934 தை மாதம் இஞ்ஞாசி வந்தான். தாயைப் பற்றிய ஞாபகம் அவனை இழுத்து வரவில்லை. காட்டுக்குள் மீன் பிடிக்கிற வலை ஒன்று இருப்பதாகக் குளச்சல் வியாபாரி ஒருவர் சொல்லித்தான் வந்தான். மாட்டுவண்டியும் இரண்டு ஆட்களும் கூட வந்தார்கள். வியாகுலம்மாள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்து, "வந்தியா மக்கா?" என்றாள். ஊசியை அவன் கையில் கொடுத்தாள். ஏழு வருஷம் காத்திருந்த கடைசிக் கண்ணை அவன் ஒரு நிமிஷத்தில் கட்டிவிட்டான். அந்த வீட்டில் நேசபாயின் விரிப்புக்குப் பிறகு முடிந்த ஒரே வேலை அதுதான். பதினோரு கிழடுகளும் வாசலில் வந்து நின்றன. வியாகுலம்மாள் ஜெபமாலையையும் இரண்டு புடவையையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவதற்குள் வலையை ஏற்றியாகிவிட்டது. ஒன்பது மர வலை அல்லவா, வண்டி நிரம்பிவிட்டது.

"எடமில்லியே அம்மா, பாக்கியல்லா? அடுத்த புதங்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்."

"செரி மக்கா. மாட்ட மெதுவா ஓட்டச் சொல்லு, வலையில முள்ளு கொண்டிரப்பிடாது."

அவன் வரவில்லை. அந்த வலை கடலில் ஒரு மீனைக்கூடப் பிடிக்கவில்லை என்றும், வீசும்போதெல்லாம் பலா இலையும் ரப்பர் இலையுமாக ஏறியது என்றும், கடைசியில் முருங்கைக் கன்றைக் கோழி கிண்டாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டியிருப்பதாகவும் செய்தி வந்தது. பலாமரத்தடியிலும் மீன் வருவது நின்றது. உபதேசியார் அவளுக்குப் புது நூல்கண்டு வாங்கிக் கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை. முடித்தாயிற்றே, இனி எதற்கு? ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு மூட்டையோடு வாசலில் உட்காருவாள், நான்கு மணிக்கு உள்ளே வருவாள். அதையே அவளுடைய உல்லாச வேளை என்று உபதேசியார் மேலிடத்துக்கு எழுதினார். எழுதிவிட்டு அழுதார் என்று சத்தியபாய் சொல்வாள். பரீட்சை எதுவும் கிடையாது என்று அந்தப் பன்னிரண்டு பேரிடம் சொல்ல அப்போதும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

1937 ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வியாகுலம்மாள் இறந்தாள். கடியப்பட்டணத்துக்கு ஆள் போயிற்று; இஞ்ஞாசி கடலில் இருக்கிறான் என்று பதில் வந்தது. மறுநாள் புதன்கிழமை, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். மூன்று மணிக்குப் பெட்டியை இறக்கப் போகும்போது குழியில் தண்ணீர் ஏறியது. உப்புத் தண்ணீர். கரையில் நுரை தட்டியது, உள்ளே சாளைக் கூட்டம் புரண்டது. அதற்குள் காது கேட்காமல் போயிருந்த நேசபாய்கூட அலைச்சத்தம் கேட்கிறது என்றாள்.

ரசலையன் பெட்டியின் மேல் கையை வைத்தார். "அவளக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கு, ஓய். எறக்கி விடும்."

தண்ணீரில் பிரேதத்தை இறக்க உபதேசியாருக்கு மனம் வரவில்லை. முறைப்படி, காய்ந்த மண்ணில், மரியாதையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று நினைத்தார். ஆட்கள் வாளி வாளியாக இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஏறிய தண்ணீர் நான்கு மணிக்குத் தானாக வடிந்துவிட்டது. குழி காய்ந்து கிடந்தது. நாலேகாலுக்கு அவளை இறக்கி, ஜெபம் சொல்லி, மண்ணைத் தள்ளினார்கள். கடல் மறுபடி வரவில்லை.

இப்போது வீட்டுப் பொறுப்பில் வேறொருவர் இருக்கிறார். உல்லாச வேளை நடக்கிறது, பெட்டிகளுக்கு மூடி கிடையாது. புதன்கிழமை மட்டும் அங்கே குழி வெட்டுவதில்லை. கேட்டால், தண்ணீர் ஏறும் என்பார்கள்.