எடை மெஷினுக்கு அடியில்

மார்ச் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, குளியலறையிலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடையில், அக்காவின் வலது தொடை எலும்பு முறிந்தது. விழுந்து முறியவில்லை. முறிந்த பிறகுதான் விழுந்தாள்.

வக்கீலம்மாவின் மனு இப்படித்தான் தொடங்குகிறது, அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார், ஆனால் என் கையில் இருப்பது மனு இல்லை, ஒற்றைத் தாள், மருந்துக்கடைக்காரரின் வாக்குமூலம், ஐந்தே வரி. நான்காவது வரிவரை எல்லாம் உண்மை... பெயர், உரிம எண், கடை வைத்து இருபத்திரண்டு வருடம், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையாக ஏழு வருடம் அக்காவுக்குக் கொடுத்தது நான்தான் என்பது. ஐந்தாவது வரி, இம்மாத்திரையால் தொடை எலும்பு முறியக்கூடும் என்று எச்சரிக்கும் கடிதம் எதுவும் தயாரிப்பாளரிடமிருந்து எனக்கு வரவில்லை. உள்ளே வக்கீலம்மா தொலைபேசியில் யாரையோ நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று தள்ளிக்கொண்டிருக்கிறார், கூப்பிட்டதும் போய் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பக்கத்து நாற்காலியில் அக்கா, முன்னால் அவளுடைய வாக்கர், அதன் கைப்பிடியில் கைப்பை. என் சட்டைப்பையில் அந்தக் கடிதம், எட்டாக மடித்தது, ஒரு பக்கம் கறுப்பாக ரப்பர் அச்சு.

வரலை மேடம் என்று ஆஸ்பத்திரியில் வக்கீலம்மாவிடம் நான் சொன்னபோது எனக்கு நினைவில்லை, சத்தியமாக நினைவில்லை... அப்படித்தானா? அக்கா கட்டிலில் படுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு எதைச் சொல்ல? "அப்ப சரி சார். அனுப்பிட்டோம்னு கம்பெனி சொல்லுது. எந்தக் கடைக்கும் வரலைன்னுதான் நாம சொல்றோம். முப்பத்தோரு பேர் கேஸும் இது மேலதான் நிக்குது" என்று வக்கீலம்மா மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டார். மறுநாள் கடையைத் திறந்தவன் அலமாரியைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்க்கவில்லை, நேராக வாசலுக்குப் போய் எடை மெஷினைச் சாய்த்தேன். எதையும் தேடாமல் ஒருவன் நேராகப் போகிறான் என்றால் அவனுக்கு நினைவில்லை என்று எப்படிச் சொல்வது? கடிதம் அதன் இடது முன்காலுக்கு அடியில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் தரை ஓடு ஒன்று இறங்கி, மெஷின் ஆடி, முள் பூஜ்யத்தில் நிற்காமல் போக, மேஜை மேல் கிடந்த தாள்களில் இதுதான் கெட்டியாக இருந்தது, நல்ல வழவழப்பான தாள். பிரித்துப் படித்தேன். தொடையிலோ இடுப்பிலோ புதிதாக வலி என்று சொல்பவரை உடனே மருத்துவரிடம் அனுப்பவும். ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிடுபவர் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்கவும்.

டிசம்பரிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "தொடைக்குள்ள என்னமோ குத்துதுடா டாக்டரே." நான் டாக்டர் இல்லை, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது கிண்டல், நான் களிம்பு கொடுத்தேன். ஜனவரியில் இன்னொரு களிம்பு. "எல்லாம் வயசுக்கா" என்றேன். "எனக்கு வயசாச்சுன்னா உனக்கு மட்டும் மீசையா முளைக்குது?" என்று சிரித்தாள், கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள், பிறகு வழக்கம்போல மெஷினில் ஏறினாள். மாதம் ஒருமுறை, நான்கு வருடம், அவள் அந்தக் கடிதத்தின் மேல்தான் ஏறி நின்றிருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அக்காவுக்கு நல்லது, மற்ற முப்பது பேருக்கும் நல்லது, கம்பெனி ஒன்றும் யோக்கியம் இல்லை, விளம்பரத் தாள்களுக்கு நடுவே ஒன்றாக அல்லவா அனுப்பினான், அதைக் கடிதம் என்று யார் சொல்வார்கள்... இதையெல்லாம் யாருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்காவுக்காகவா?

"ஏன்டா டாக்டரே," என்றாள் அக்கா, வாக்கரின் ரப்பரைப் பார்த்தபடி, "காலையில ஏறினேனே, உன் மெஷின் ஆடுது."

"ஆடுதா?"

"முன்ன ஆடலையே. அடியில ஒரு காகிதம் மடிச்சு வெச்சியே, எங்க அது?"

காகிதம் வைத்தது இவளுக்கு எப்படி... மெஷினைத் தூக்கிப் பிடித்தவளே இவள்தான். "சீக்கிரம்டா, கனக்குது" என்று அந்த வலது காலை ஊன்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றாள், நான் குனிந்து சொருகினேன். "என்னடா காகிதம் அது?" என்று கேட்டாள். "கம்பெனிக்காரன் விளம்பரம்" என்றேன். அப்படியானால் ஆஸ்பத்திரியில் என் முகத்தை எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்? எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாளா, மெஷின் ஆடுகிறது என்று மட்டும்தான் கேட்கிறாளா? கைப்பையைத் திறந்து கண்ணாடியைத் துடைக்கிறாள், என் பக்கம் திரும்பவில்லை.

"சார், வாங்க" என்றார் வக்கீலம்மா.

கடிதத்தை எடுத்து அவர் மேஜையில் பிரித்து வைத்தேன். மடிப்பு நிமிரவில்லை, மேலே பேனாவை வைக்க வேண்டியிருந்தது.

ஜூன் இரண்டாம் தேதி திருத்திய மனு தாக்கலானது. முதல் பிரதிவாதி மருந்து நிறுவனம். இரண்டாம் பிரதிவாதி நான். கடைசிப் பக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள்.