ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த வீட்டில் "எனக்கு இது வேணும்" என்று யாரும் சொன்னதில்லை. இருந்ததே இரண்டு பேர்தான். அவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். அவளைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்பாள். கல்யாணமான புதிதில் கூடத்துக்குத் திரைச்சீலை வாங்கப் போனார்கள். இருவரும் மாற்றி மாற்றி இஷ்டத்தை எதிராளியின் தலையில் கட்டியதில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கைக்கு எட்டிய பச்சைத் துணியை வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு பேருக்குமே பச்சை பிடிக்காது. ஆனாலும் மற்றவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மாதம் அதைத் துவைத்துத் துவைத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள், என்ன செய்ய!

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் சிரித்துக்கொண்டு ஃபிரேம் காட்டுகிற வேலை இல்லை. பின்னறையில், தண்ணீர் சொட்டுகிற இயந்திரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து எடுக்கிற வேலை. கொஞ்சம் கூடினால் உள்ளே நுழையாது, கொஞ்சம் குறைந்தால் கழன்று விழும். அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர்கள் வீட்டு மாடிக்கெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, லிஃப்ட் இல்லாத தன் வீட்டு மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்கப் படியேறி வருவார்.

ராத்திரி படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடினால் லென்ஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் காரில் ஏறி உட்காரவேண்டியதுதான், இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தூங்கிவிடுவாள். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. காலையில் காபி குடித்துவிட்டு இருவரும் காரில் ஏறுவார்கள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கமாட்டாள், அவரும் சொல்லமாட்டார். அவர் ஓட்டுவார், அவள் தூங்குவாள். மதியம் வீட்டு வாசலில் கார் நிற்கும்போது கண்ணைத் திறந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, கண்ட கனவைச் சொல்வாள். எல்லாம் வெயிலில் காய்ந்த துணி மாதிரி லேசான கனவுகள். மேகத்துக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டினேன் என்பாள். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு, காரைவிட்டு இறங்காமல், முழுக்கக் கேட்பார்.

கார் பழையது. இரண்டு பேரிடம் இருந்துவிட்டு இவர்களிடம் வந்தது. காலையில் கிளப்பினால் நாலு தடவை இருமும், ஏற்றத்தில் முனகும், எதையும் அதன் பாட்டுக்குத்தான் செய்யும். அதனால் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "பெரியவருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல" என்று அவர் சொன்னால், அன்றைக்குப் பெட்ரோலோடு தள்ளுவதற்குத் தெம்பும் வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கனவில் மரங்கள் எல்லாம் அவளைத் தாண்டி முன்னால் நடந்து போயின. கடைகள் போயின, ஒரு தபால் பெட்டிகூடப் போயிற்று. அம்மாடி, எல்லாரும் எங்கே கிளம்பிவிட்டார்கள் என்று கண்ணைத் திறந்து பார்த்தால், மரங்கள் நிஜமாகவே முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"மத்த கியர் ஒண்ணும் விழல. ரிவர்ஸ் மட்டும்தான் விழுது. நீ தூங்கு, இன்னும் ரெண்டு தெருதான்" என்றார்.

பின்பக்கமாகவே போய் ஒர்க்ஷாப்பில் நுழைந்தார்கள். அங்கே இருந்த மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் 'நாளைக்கு' என்று பெயர். வண்டி எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் அவர் வாயில் வருகிற வார்த்தை அதுதான். 'நாளைக்கு' காருக்கு அடியில் போய்ப் படுத்து, வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"அக்கா, கியர்பாக்ஸ இறக்கணும். உள்ள பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு. கிளட்சும் கூடவே போகப்போகுது. செஞ்சா ஓடும். எத்தன வருஷம் ஓடும்னு மட்டும் என்னைக் கேட்டுறாதீங்க."

"உதிரி பாகம் கிடைக்குமா?" என்று அவர் கேட்டார்.

"தேடிப் பாக்கணும் சார். இந்த மாடல் இப்ப வர்றதில்ல. அதுக்குப் போடுற காசுல பாதிய முன்பணமா கட்டுனா, கொஞ்சம் புது வண்டியா லோன்ல கிடைக்கும். உங்க இஷ்டம்."

இவரும் அதையே சொல்லிவிட்டாரா! புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒரு கார் ஷோரூம் இருந்தது. அதன் பெரிய கண்ணாடிக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை நிறக் கார் ஒன்று குளித்து முடித்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவர் கையைப் புருவத்தில் வைத்து, கண்ணாடியில் மூக்கு ஒட்ட, உள்ளேயே பார்த்தார். பாவம், எத்தனை நாள் ஆசையோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் புதுக் காரில் வருகிறபோது, இவர் மட்டும் பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது?

"வாங்கலாமா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"உங்க இஷ்டம்தாங்க."

அன்று சாயங்காலம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே அவர் சொன்னார். "கம்பெனில ஞாயித்துக்கிழமை எமர்ஜென்சி டூட்டிக்கு ஆள் கேக்குறாங்க. யாராவது லிஃப்டுல மாட்டிக்கிட்டா போய்த் திறந்துவிடணும். அத எடுத்துக்கிட்டா மாசத் தவணை சரியாப் போயிடும். அஞ்சு வருஷம்தானே, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்! காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, அதை ஓட்டிப்போக ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் செய்வது என்ன கணக்கு? அதைக் கேட்டிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மூக்கு ஞாபகம் வர, எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு, "சரிங்க" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. தேய்க்கிற லென்ஸ் ஒவ்வொன்றிலும் காலியான தெரு ஒன்று தெரிந்தது. ஒருவருடைய இடது கண் லென்ஸை வலது கண் பக்கம் மாட்டிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சாவிலும் கலங்காதவள், பின்னறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை காலை ஷோரூமுக்குப் போனார்கள். வாசனை போட்ட விற்பனைக்காரர் ஒருவர், "மொதல்ல ஓட்டிப் பாருங்க சார், அப்புறம் கையெழுத்து" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் நகர்ந்ததே தெரியவில்லை. இருமலும் இல்லை, முனகலும் இல்லை. தெருச் சத்தமெல்லாம் பஞ்சுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. விற்பனைக்காரர் கண்ணாடி ஏறுவதையும் இறங்குவதையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு பொத்தானை அமுக்கியதும் அவள் சீட்டு பின்னால் சாய்ந்துகொண்டே போயிற்று. தூங்கக் கூடாது, இன்றைக்குத் தூங்கவே கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்த மாத்திரத்தில் தூங்கியும்விட்டாள்.

கனவில் அந்த வெள்ளைக் கார் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது. அவள் அதில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவர் திறந்தது, பார்த்தால் லிஃப்ட். உள்ளே அவர், கையில் டூல் பெட்டி. வாங்க என்று கூப்பிட்டாள். அவர் சிரித்தார், கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் மேலே போனது. அவள் காரோடு படிப்படியாக மிதந்து ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, ஒவ்வொரு மாடியிலும் திங்கட்கிழமை இருந்தது. ஈரத்துணியும் டிபன் டப்பாவுமாக அவசர அவசரமான திங்கட்கிழமை. இன்னும் மேலே போனாள், அங்கேயும் அதுதான். மாடிகள் முடிகிற வழியாக இல்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க?" என்று கத்திக்கொண்டு எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும் மேடம். சாயங்காலம் வரைக்கும் இருப்போம்" என்றார் பின்சீட்டில் இருந்த விற்பனைக்காரர்.

புருஷன் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். பேசினால் இப்போது பேசவேண்டும், இல்லாவிட்டால் ஐந்து வருஷம் பேசமுடியாது.

"எனக்கு இந்தக் கார் வேண்டாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

"எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும். உங்களோட வேணும். பெரியவர் பின்பக்கமாவே ஓடுனாலும் பரவால்ல."

"உனக்குக் கழுத்து வலிக்குதேன்னுதான்..." என்று அவர் இழுத்தார். "ஒவ்வொரு வாரமும் எந்திரிச்சதும் கழுத்தப் பிடிச்சுக்கிற. அந்த சீட்டு சாய மாட்டேங்குது. இதுல எவ்வளவு சாயுதுன்னுதான் அன்னிக்கு வெளிய நின்னு பாத்தேன்."

"நாள் பூரா குனிஞ்சு லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கழுத்து வலிக்காம காதா வலிக்கும்?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சரி, இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்? உன் இஷ்டம்னு மட்டும் சொன்னீங்க, இங்கயே இறங்கி நடந்துடுவேன்."

அவர் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைக் கட்டை விரலால் துடைத்தார்.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, சொல்லுங்க."

"எனக்கும் தூங்கணும்" என்றார். "நீ தூங்குறதப் பாத்துப் பாத்து ஓட்டுறேன். எவ்வளவு நல்லாத் தூங்குற தெரியுமா? ஒரு நாளாவது அந்தப் பக்கம் உக்காந்து, யாராவது ஓட்ட, நானும் அப்படித் தூங்கணும். வாரம் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வந்து, ஞாயித்துக்கிழமை கண்ணு சொக்கும். வெளிய சொன்னா, அப்ப போகவேண்டாம்னு சொல்லிடுவியேன்னு சொல்லல."

அவள் சிரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே தூங்கி வழிந்தவள், இந்த மனுஷனுக்கும் கண் என்று இரண்டு இருக்கின்றனவே என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லையே! அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் ஓட்டக் கத்துக்கிறேன். ஆனா புதுசுல கத்துக்கிட்டா பயத்துலயே செத்துடுவேன். பெரியவர எங்க இடிச்சாலும் கோச்சுக்க மாட்டாரு."

"சார், அப்போ கையெழுத்து?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாவம், அந்த ஆள் பிழைப்பைப் பார்க்கவேண்டாமா? இருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, காரை ஷோரூமில் விட்டுவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

கையிருப்பு மொத்தமும் பெரியவரின் வயிற்றுக்குள் போயிற்று. மெக்கானிக் 'நாளைக்கு' தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். பல்சக்கரம் வந்தால் பேரிங் வரவில்லை, பேரிங் வந்தால் அவருக்குக் காய்ச்சல். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. கடை திறப்பதற்கு முன்னால் காலை வேளைகளில் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். கிளட்சை விடுவதும் கார் நொண்டியடித்து நிற்பதுமாக அழுதாள், திட்டு வாங்கினாள், ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தாள், கடைசியில் லைசென்ஸும் வாங்கினாள். கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒர்க்ஷாப்புக்கு நடந்து போய், வயிறு பிளந்து கிடந்த பெரியவரை நலம் விசாரித்துவிட்டு வந்தார்கள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவர் சுற்றிக்கொண்டு வந்து, விருந்துக்கு வந்தவர் மாதிரி கூச்சத்தோடு மற்ற சீட்டில் உட்கார்ந்தார். பெரியவர் நாலு தடவை இருமினார். முதல் கியர் விழுந்தது.

"மெதுவா, அந்த ஆட்டோவுக்கு வழி விடு, பிரேக்... ம், அப்படித்தான்" என்று முதல் சிக்னல் வரை சொல்லிக்கொண்டு வந்தவர், இரண்டாவது சிக்னலில் பேச்சை நிறுத்திவிட்டார். எட்டிப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவளுக்குப் பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது.

ஊர் மெல்ல விலகியது. பூட்டிய கிடங்குகள் வந்தன, அவற்றின் சுவரோரம் மழைநீர் பளபளத்தது. ஒரு கால்வாய் வந்து கொஞ்ச தூரம் கூடவே ஓடியது. நாற்றுப் பண்ணை ஒன்றில் செடிகள் வரிசையாகத் தொட்டியில் நின்றன, ஒரு பெண்மணி அவற்றின் நடுவே நின்று இவர்களுக்குக் கையாட்டினாள். பழக்கப்பட்டவள் போல ஆட்டினாள். ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கோ இதெல்லாம் புதிதாக இருந்தது. வாராவாரம் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கால்வாயை எல்லாம் அவர் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்புறம் சாலை இரண்டாகப் பிரிந்தது. அவள் வண்டியை நிறுத்தினாள். எந்தப் பக்கம் போனால் வீடு வரும்? தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே திரும்பியவளுக்கு வழி எப்படித் தெரியும்? பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரனை அலற விட்டது.

அவள் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க! இவரு தூங்குறாரு!"

லாரிக்காரர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, ஒதுங்கித் தாண்டிப் போனார். பக்கத்துச் சீட்டில் அசைவே இல்லை. அவள் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டு, மரங்கள் அதிகமாகத் தெரிந்த இடது பக்கம் திருப்பினாள்.