எல்லாவற்றுக்கும் சரி

பிளாஸ்டிக் மூளையைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்த்தபோது ஒரு துண்டு மிச்சமாகிவிட்டது. ஆய்வகத்தில் எனக்கு வாய்த்த கூட்டாளி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நரம்பியல் உனக்குத் துணைப்பாடம்தானே, விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான், அதுதான் எரிச்சல். அறிவியல்காரர்களுக்கு நான் கதை படிக்கிறவள். இலக்கியக்காரர்களுக்கு மூளையை அறுக்கப் போகிறவள். சாப்பாட்டு அறையில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மேசை எப்போதும் காலியாகக் கிடக்கும். அது என்னுடையது.

இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்ததில் அப்பாவுக்குக் கோபம். என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் நரம்பியலைச் சேர்த்துக்கொண்டேன். அவர் மசியவில்லை. அம்மாதான் சொந்தக்காரர்கள் மத்தியில் என்னை மூளை டாக்டராக்கிவிட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, உண்மையான டாக்டரை விட்டுவிட்டு என்னிடம்தான் சந்தேகம் கேட்கிறாள்.

அவருக்கு மிஞ்சியது ஒரே சொல்: சரி. அவர் வாயிலிருந்து அம்மா கேட்டறியாத சொல். விளக்கை அணைக்கவா, சரி. ஜன்னலைச் சாத்தவா, சரி. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவின் போன் வந்ததும் ஆய்வகத்தை விட்டு வந்து படியில் உட்கார்ந்தேன்.

“பொண்ணு மேல கோபம் போயிடுச்சான்னு கேட்டேன்டி. சரின்னுட்டாரு.” அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒரு சொல் மட்டும் மிஞ்சியவர்களைப் பற்றிப் போன வாரம்தான் படித்தோம். அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய் தானாக உதிர்ப்பதாகவும் இருக்கலாம். புரிந்துதான் சொல்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள் என்றார் பேராசிரியை. அம்மாவிடம் இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டால் அந்தச் சரி எனக்கும் மிஞ்சும். அதற்கு எவ்வளவு ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன்.

“அப்பா, என் மேல கோபம் போயிடுச்சா?”

“சரி.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த படிப்பு சும்மா இருக்க விடவில்லை.

“இல்ல, இன்னும் கோபமாத்தான் இருக்கீங்களா?”

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. படியேறி வந்த இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை அந்தச் ‘சரி’ வரவில்லை. போன் எதிலோ உரசியது.

“என்னடி கேட்ட அவர்கிட்ட?” என்றாள் அம்மா. “போனத் தள்ளிவிட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

“தானாவா?”

“பின்ன, நானா திருப்புனேன்?”

அப்பா உள்ளேதான் இருக்கிறார். முழுசாக, கோபமாக. எனக்கு அழுகை முட்டியது, அது சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீடியோவில் காட்டச் சொன்னேன். அம்மா தடுமாறி, கூரையையும் தன் மூக்கையும் காட்டிவிட்டு, கடைசியில் அவர் பக்கம் திருப்பினாள். கசங்கிய சட்டை முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.