தேவானை சொன்ன கிளைமாக்ஸ்

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கும்போது அன்புக்கரசியின் போன் மறுபடியும் அடித்தது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் தம்பி பிரபுதான். என்ன கேட்கப்போகிறான் என்று தெரியும். அம்மா தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? காலையிலிருந்து அதே கேள்வி. ஜானுவைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து தாய்க்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்னத்தைச் சொல்வது? அம்மா தேவானை தூக்கத்திலேயே போய்விட்டாள். கடைசியாகச் சொன்னது, கொசுவத்தியை ஏற்று என்பதுதான். அன்புக்கரசி போனை எடுக்கவில்லை.

பட்டினப்பாக்கத்தில் சாவு வீடென்றால் முதலில் அழுகை, அப்புறம் டீ, அதற்கப்புறம் ஊர்ப்பட்ட பேச்சு. பக்கத்து வீட்டு சுலோச்சனா மூக்கைச் சிந்திவிட்டு, தானும் தேவானையும் சேர்ந்து பார்த்த படங்களைப் பற்றி ஆரம்பித்தாள். மீன் விற்று முடித்த கையோடு, மேட்னி ஷோவுக்கு மயிலாப்பூர் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தே போவார்களாம்.

அது அன்புக்கரசிக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு ராத்திரியே அம்மா பிள்ளைகளை உட்காரவைத்து முழுப் படத்தையும் சொல்லிவிடுவாள். சும்மா சொல்ல மாட்டாள், தீர்ப்போடு சொல்வாள். கொலைப் படமென்றால், எவன் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறானோ அவன்தான் கொலைகாரன். குடும்பப் படமென்றால், கோபித்துக்கொண்டு போனவனை யாராவது சாப்பிடக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிடாவிட்டால் அது படமே இல்லை. பிற்பாடு அதே படங்கள் டிவியில் வந்தபோது முடிவு வேறு மாதிரி இருந்தது. கேட்டால், டிவிக்காரன் நல்ல சீனையெல்லாம் வெட்டிவிட்டான் என்று அடித்துச் சொன்னாள். அன்புக்கரசி நம்பினாள். அதற்காக ஸ்கூலில் சண்டை போட்டு, ஜடை பிய்ந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"முழுசா எங்க பாத்தோம்மே?" என்றாள் சுலோச்சனா. "நாலு மணிக்குத் தண்ணி லாரி வந்துரும். இன்டர்வெல் வுட்டா ரெண்டு பேரும் ஓட்டந்தான். கொடம் வெக்கணும்ல? ஒரு படத்துக்கும் உங்கம்மா முடிவு பாத்ததில்ல."

"அப்ப எங்களுக்குச் சொன்னது, பெரிம்மா?"

"அது லைன்ல நின்னுக்கினே யோசிக்கும். மொதல்ல எனக்குச் சொல்லும். நானும் வாயப் பொளந்துக்கினு கேப்பேன்."

அடேயப்பா! ஒன்றா, இரண்டா! மீன் வாசனை போகாத கையை ஆட்டி ஆட்டிக் கொலைகாரனைப் பிடித்து, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்து, செத்தவனைக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தவள், இதோ ஒன்றும் தெரியாதவள் மாதிரி பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். அன்புக்கரசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. இப்பேர்ப்பட்ட ஆளோடா இத்தனை வருஷம் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டோம் என்றிருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, சாமியை ரொம்பக் கிட்டத்தில் பார்த்துவிட்டது போல.

வெயில் தாழ்ந்த பிறகு பிரபு வந்து சேர்ந்தான். ஜானு உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றாள். அவன் பெட்டிமேல் விழுந்து, குரல் கட்டும்வரை அழுதான். பிறகு அக்காவின் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அம்மா என்னப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

அன்புக்கரசி பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"சொல்லாம இருக்குமா? நேத்து ராத்திரி கொழம்பு கொதிக்கறப்பவே ஆரம்பிச்சிருச்சுடா. ஜானு சங்கரா மீனு துன்னுமா, முள்ளு எடுக்கத் தெரியுமான்னு ஒரே கேள்வி."

வாசற்படியில் நின்றிருந்த ஜானு நிமிர்ந்தாள்.

"அப்பறம்?" என்றான் பிரபு.

அப்புறம் என்னவென்று அன்புக்கரசிக்கே தெரியவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை, சொல்லிக்கொண்டே போனாள். நேற்று ராத்திரி தேவானை படுக்கும்வரை இதே வீட்டில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா, டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, நன்றாகக் காதில் விழும்படி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.