நம்பர் பிளேட்டை மறைத்து நின்றவள்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த வரியை எழுதியவளும் நான்தான். வாசிக்கிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொல்ல நேர்ந்தால் பயந்து விட்டுவிடுவேன்.

அண்ணன் கிளைட்டனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று அம்மா ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள். பெயர், கோயில் பங்கு, படிப்பு, உயரம், துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சரிபார்த்து எழுதும் வேலை. எல்லாம் எழுதியும் அடியில் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.

"சொந்தக் கார் உண்டுன்னு போடுளா," என்றான் அண்ணன்.

"எங்கனலே இருக்கு காரு?" என்றாள் அம்மா.

"வாங்காமலா போவப்போறேன்? வாங்கிட்டா பொய் இல்லயே."

எழுதினேன். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எட்டு நோட்டுகள் எழுதி ஒளித்து வைத்திருக்கிறேன். ஒருவரும் ஒரு பக்கமும் வாசித்ததில்லை. அந்நியர்கள் வாசித்த என் முதல் கற்பனை அந்த மூன்று சொற்கள்தான். அவர்கள் நம்பியும் விட்டார்கள்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

"கடலோரத்தில் மிகப் பழமையான ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்குள்—" (சுற்றுலாப் பலகை மாதிரி இருக்கிறது.)

"என் அண்ணன் கெட்டவன் இல்லை, ஆனாலும்—" (இந்த 'ஆனாலும்' வந்ததுமே எல்லாரும் கெட்டவன் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.)

"வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?"

இது இருக்கட்டும். அன்று முழுவதும் எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான்.

(ஊரின் பெயரை எழுதி, தெரியாதபடி அடித்துவிட்டேன். பெரிய பழைய வீடுகளும், எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்துகளும் உள்ள ஊர். திருவிழாவின் பத்து நாளும் உள்ளே ஒரு வண்டியும் விடமாட்டார்கள். இவ்வளவு போதும்.)

3

பெண்ணின் பெயர் டெல்பின். அவளுடைய அப்பா இஞ்ஞாசி, "ஒரு ஞாயித்துக்கெழம வாங்க, வாசல் வர வண்டி வரும்," என்று போனில் சொன்னார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் காருக்குக் கறுப்பு நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. சொந்தக் காருக்கு வெள்ளை. வாசலில் நின்றால் தெருவே வாசித்துவிடும்.

"திருநா அன்னைக்கே வாரோம் மாமா," என்றான். போனை வைத்தபின் எங்களிடம், "வண்டி ஊருக்கு வெளிய நிக்கும். நான் சாவிய மட்டும் மேச மேல வைப்பேன்," என்றான்.

இங்கே எனக்கு அண்ணன் என்ற பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இப்படி எழுதினால் தந்திரக்காரனாகத் தெரிகிறான். அவனுக்கு முப்பத்துநாலு வயது. மூன்று இடம் தட்டிப்போனது. போகிற வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தான். "எம்மா, இந்த எடமும் போயிருமோ?" என்று இரண்டு முறை கேட்டான். இதைச் சேர்க்காவிட்டால் நான் எழுதுவது இன்னொரு பொய்யாகிவிடும்.

4

ஊருக்கு ஒரு மைல் முன்னால், செம்மண் பொட்டலில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தவைத்திருந்தார்கள். மாசானம் என்ற பெரியவர் விசிலோடு நின்றார்.

"மூஞ்சி ரோட்டப் பாத்து வரிசையா போடும், தம்பி."

"அண்ணாச்சி, அந்த உடமரத்துப் பக்கம் போட்டுக்கிடுதேன். நெழலா இருக்கு."

"உடமரத்துல ஏதுவே நெழலு? முள்ளுல்லா இருக்கு."

"பரவால்ல அண்ணாச்சி."

"ஆமா, வாடக வண்டிதான? கீறுனா ஒமக்கென்ன!" என்று விசில் ஊதினார்.

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாருக்கும் கேட்கவில்லை. பின்பக்கத்தை முள்ளுக்குள் சொருகினான். பின் பிளேட் மறைந்தது. முன் பிளேட் மட்டும் வெயிலில் பளீரென்று நின்றது. இறங்கி அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏளா, நீ இங்கனயே நில்லு."

"அவ கோயிலு பாக்கணும்னுதான வந்தா," என்றாள் அம்மா.

"கோயிலு எங்கயும் ஓடிராது. யாராவது இந்தப் பக்கம் வந்தா இத மறச்சுட்டு நிக்கட்டும். பேசவா சொன்னேன், நிக்கத்தான சொன்னேன்?"

அந்நியரைக் கண்டால் பேச்சு வராதவளுக்கு ஏற்ற வேலைதான். துப்பட்டாவை அகலமாக விரித்து, பிளேட்டின் மேல் சாய்ந்து நின்றேன்.

(இந்த இடத்தில் கார் சக்கரம் மணலில் புதைந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பெண் வீட்டார் தள்ள வருகிறார்கள், பிளேட்டைப் பார்க்கிறார்கள். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் புதையவில்லை. கிழித்துவிட்டேன்.)

5

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கயிற்றைத் தாண்டி ஒரு பெண் தனியாக வந்தாள். கையில் தூக்குச்சட்டி. போட்டோவில் பார்த்த முகம். டெல்பின்.

"நீதான் வண்டிக்குக் காவலா? நல்ல நாளும் அதுவுமா ஒரு பிள்ள பட்டினியா நிக்குன்னு ஒங்கம்மா வாய் தவறிச் சொல்லிட்டாவ. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. நான் பின்வாசல் வழியா வந்துட்டேன்."

நான் சிரித்தேன். சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை.

"வெயில்ல ஏன் நிக்க? உள்ள உக்காந்து தின்னு."

தலையை அசைத்து வேண்டாம் என்றேன். அவள் மூடியில் நெய்ச்சோறும் கறியும் வைத்து நீட்டினாள். காரின் மூக்கில் மூடியை வைத்து வலது கையால் சாப்பிட்டேன். கடல் காற்று துப்பட்டாவைத் தூக்கியது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அதன் நுனியைப் பிளேட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை.

"ஒங்க அண்ணன் ரொம்பப் பேசுதாரு," என்றாள் டெல்பின். "பேசுறவங்களக் கண்டா எனக்குப் பயம். போன வருசம் ஒருத்தரு கப்பல்ல ஆபிசர்னு சொல்லி நிச்சயம் வர வந்துட்டாரு. ஆபிசரும் இல்ல, கப்பலும் இல்ல. ஊரே சிரிச்சுட்டு. எனக்குக் காரெல்லாம் ஒண்ணுக்கும் வேண்டாம்ளா. ஒருத்தன் இல்லன்னா இல்லன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் காரைப் பார்த்தாள்.

"இது ஒங்க சொந்த வண்டிதான?"

நான் தலையாட்டினேன்.

"நெசமா?"

மறுபடியும் ஆட்டினேன்.

"சரி," என்று சிரித்துத் தூக்குச்சட்டியை மூடினாள். "ஒன்னயப் பாத்தா பொய் சொல்லத் தெரிஞ்சவ மாதிரி இல்ல."

அன்று சாயங்காலம் இஞ்ஞாசி எங்களை வழியனுப்ப வண்டிவரை வருவதாகக் கிளம்பினாராம். கயிற்றுக்குப் பக்கத்தில் வரும்போது சப்பரம் புறப்படும் வேட்டுச் சத்தம் கேட்டது. அப்படியே திரும்பிவிட்டார். மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. "ஒங்க மகள வச்சுத்தான் சரின்னு சொன்னேன்" என்று டெல்பினே அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்கிறாள். நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

6

இதுவரை 'வாசிக்கிறவர்' என்று பொதுவாக எழுதிவந்தேன். இந்த நோட்டுக்கு ஒரே ஒரு வாசகர்தான். டெல்பின் மதினி. (மதினி என்பதை அடித்துவிட்டேன். அது இன்னும் உறுதி இல்லை.)

டெல்பின் அக்கா, இது உங்களுக்கு.

கோயிலில் உங்கள் இருவருக்கும் மூன்று கல்யாண அறிவிப்பு ஓலைகளில் இரண்டு வாசித்தாயிற்று. 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று சாமியார் வாசிக்கும்போது இரண்டு ஞாயிறும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கார் இல்லாதது ஒரு தடையா? தலையாட்டியது? யாரிடம் கேட்பது? எழுந்து நின்று ஒரு சொல் சொல்ல என்னால் முடியாது. முடிந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன்.

அண்ணனுக்கு இது தெரியாது. நீங்கள் கேட்டதும் தெரியாது, நான் ஆட்டியதும் தெரியாது. கல்யாணத்துக்குள் லோன் போட்டு ஒரு கார் வாங்கப் பார்க்கிறான். வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்புகிறான். நீங்கள் கேட்டது காரைப் பற்றி இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் ஓலை வரும் ஞாயிறு. நாளை வெள்ளிக்கிழமை அம்மா, ரவிக்கை தைக்கக் கல்யாணச் சேலையை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். சேலைக்கு அடியில் இந்த நோட்டு இருக்கும்.

(இருக்கும் என்று எழுதுவது எவ்வளவு எளிது.)

7

முடிவை மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்று. நீங்கள் இதை வாசித்துவிட்டு உங்கள் அப்பாவிடம் வேண்டாம் என்கிறீர்கள். இரண்டாவது முறையாக ஊர் சிரிக்கிறது. அண்ணன் நாலாவது இடமும் போன பிறகு என்ன ஆவான் என்று எழுதத் தொடங்கினேன். "அவன் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து—" அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரண்டு. நீங்கள் அவனைக் கூப்பிட்டு நேராகக் கேட்கிறீர்கள். அவன் இல்லை என்கிறான். முதல் முறையாகக் குறைவாகப் பேசுகிறான். இந்த முடிவை நான் நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் உங்களை அவனை மன்னிக்கவைத்துவிட்டேன். அது நீங்கள் செய்யவேண்டியது. நான் உங்களுக்காக எழுதக்கூடாது.

மூன்று. அம்மா கிளம்பும் நேரத்தில் எனக்குப் பயம் வந்து, பையிலிருந்து நோட்டை உருவி எடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கிறார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு நன்றாகத் தெரிந்த முடிவு இதுதான்.

இந்த வரியை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் மூன்றாவது நடக்கவில்லை. மற்ற இரண்டும் இனி உங்கள் கையில். என்னைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள், அண்ணனிடம் கேளுங்கள். அவன் நல்லவன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதையும் நான் சொல்லி நீங்கள் நம்பவேண்டாம்.