விட்ட கை

ஏரிமேல் முதலில் உறையும் பனியைப் பெய்ப்சி கரையில் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் எல்லோரும் போவார்கள். கொழுத்த பெர்ச் மீன் தூண்டிலுக்கு வருவது அப்போதுதான்.

போன வருஷம் அந்த முதல் பனியில்தான் கோந்த்ராத்தின் ஒரே மகன் சவ்வாத்தி பனி உடைந்து தண்ணீருக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை. கூடப்போன சிநேகிதன் பிமென் மட்டும், இரண்டு விரல்களைக் குளிருக்குக் கொடுத்துவிட்டுத் தவழ்ந்து கரை சேர்ந்தான். அன்றிலிருந்து கோந்த்ராத் அவன் முகத்தில் விழிப்பதில்லை.

இந்த வருஷம் மருமகள் ஃபெக்லா, "நானும் வரேன் மாமா" என்று சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குள் சொல்ல முடியாத எதையோ சொல்லப்போகிறாள் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கடப்பாரையால் பனியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அவர் முன்னால் நடந்தார். வழியில், மீன் பிடிக்கப் பனியில் போட்ட துளைக்கு முன்னால் குந்தியிருந்த பக்கத்து வீட்டு ஸினோவி சிரித்தான். "என்னண்ணே, மீன் உங்க பேச்சைக் கேக்கறதில்லன்னு மருமகளைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"உன் மூஞ்சியப் பாத்தா எந்த மீன்டா மேல வரும்" என்றார் கோந்த்ராத்.

துளை போட்டு இருவரும் தூண்டிலை இறக்கினார்கள். ஃபெக்லாவுக்குத்தான் முதல் மீன் விழுந்தது. அதைப் பனிமேல் போட்டுவிட்டு, அது துள்ளுவதைப் பார்த்தபடியே சொன்னாள். "மாமா, பிமென் என்னைக் கட்டிக்கறேன்னு சொல்றார். நான் சரின்னுட்டேன்."

அவர் தூண்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குப் பெத்தவங்க இல்ல. நீங்கதான் நின்னு ஆசீர்வாதம் பண்ணணும்."

"ஊர்ல வேற ஆம்பளையே இல்லையாம்மா உனக்கு?"

அவள் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கோந்த்ராத் எழுந்தார். தூரத்தில், பனியில் ஓடிய ஒரு பிளவுக்கு இந்தப்பக்கம், பிமென் தனியாக உட்கார்ந்திருந்தான். அவரிடம் ஒரு வருஷமாக ஒரு கேள்வி கிடந்தது. நேராக அவனிடம் போய் நின்றார்.

"அன்னிக்கு என்னடா நடந்துச்சு?"

பிமென் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "என் கையப் புடிச்சிட்டிருந்தான், பெரியப்பா. எனக்குக் கீழயும் பனி முறிய ஆரம்பிச்சுது. நான்தான் கையை விட்டேன்."

"நழுவிடுச்சின்னு ஊரெல்லாம் சொன்னாங்களே."

"நழுவல. விட்டேன்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கடப்பாரையை அவர் இறுக்கிப் பிடித்தார். பிமென் நகரவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அவதான் சத்தியம் வாங்கினா. தாங்க மாட்டீங்கன்னா."

ஒரு வருஷம். அவருக்கு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள், சூப் ஊற்றினாள், மகனைப்பற்றி அவர் புலம்பியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள். இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா? கோந்த்ராத் திரும்பி நடந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஃபெக்லாவுக்குப் புரிந்துவிட்டது.

"எப்படிம்மா அவன்கூட வாழ்வே?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

"அவர் மட்டும்தான் மாமா என்னை மாதிரியே தினமும் அந்த இடத்துக்குப் போறவர். தூங்கும்போதுகூட."

அப்போதுதான் அவள் அழுதாள். அவரும் பனிமேல் மண்டியிட்டு உட்கார்ந்து அழுதார். தூரத்திலிருந்து பார்த்த ஸினோவி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் வைத்தார்கள். ஜெபவீட்டுக்குப் புறப்படும் முன், கோந்த்ராத்தின் வீட்டில், புனிதர் படத்துக்குக் கீழே இருவரும் மண்டியிட்டார்கள். அவர் ஃபெக்லாவின் தலையில் கை வைத்தார். "நல்லாயிரு மகளே" என்றார். மருமகள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு பிமெனின் பக்கம் திரும்பினார். கையைத் தூக்கினார். அது அவன் தலைக்கு மேல் பாதியில் நின்றுவிட்டது. வந்தவர்கள் காத்திருந்தார்கள். பிமென் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

"என்னால முடியலப்பா" என்றார் கோந்த்ராத்.

"பரவால்ல பெரியப்பா" என்றான் அவன், தரையைப் பார்த்தபடியே.

அவர்கள் போனபிறகும் கோந்த்ராத் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே பனி முழுக்க உருகி, ஏரி பளபளவென்று அலையடித்துக்கொண்டிருந்தது.