ஓடாத பறவை

ஜீனா வளர்த்த இரண்டு ஈமுக்களில் பெட்டையைக் காணவில்லை. கம்பிவேலி கிழியவில்லை. படலும் சாத்தியபடியே இருந்தது. பறக்கத் தெரியாத பறவை, படலைத் திறந்து, மறுபடி சாத்திவிட்டா போகும்?

அவளுக்குப் பக்கத்து வீட்டு சிஜுவின் நினைவுதான் வந்தது. போன மாசம் அவர் வாழைத்தோட்டத்தை அது மிதித்து நாசமாக்கியபோது, "ஒரு நாளு இத கறிவெச்சு தின்னுவேன்" என்று கத்தியவர். ஜீனா நேராக அவர் முற்றத்தில் போய் நின்றாள். அடுக்களையிலிருந்து மசாலா மணம் வந்தது.

"எனக்க பறவ எங்க?"

"எனக்கு எப்படி தெரியும் பிள்ளே?"

"உள்ள என்ன வேகுது?"

சிஜு சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். கடலைக்கறி. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இறைச்சியை எங்காவது மாற்றியிருக்கலாமே.

பூவாரில் ஒரு ரிசார்ட்டில் படகு ஓட்டும் கணவன் ஜெனிலைப் போனில் கூப்பிட்டாள். அவன் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

"நம்ம பறவ ஒண்ணு காணல்ல."

"அந்த சிஜுவாக்கும். பெட்டைய அவன் கொன்னிருப்பான்."

போனை வைத்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. பெட்டை என்று அவள் சொல்லவே இல்லை.

வேலிக்குத் திரும்பினாள். நேற்றுப் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. ரப்பர் தோட்டத்து வழியில் முன்னோக்கிய மூன்று விரல்களின் தடம் தெளிவாகத் தெரிந்தது. கோழிகளுக்கு இருக்கிற பின்விரல் ஈமுவுக்கு இல்லை. தரையில் படுகிற பாதம் அவ்வளவுதான். சதையெல்லாம் தொடையில், கீழே வெறும் குச்சி போன்ற நீளக்கால். அது மிரண்டு ஓடினால் தடத்துக்கும் தடத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம். விரல்நுனி மண்ணைக் கிண்டித் தெறிக்கும்.

இங்கே மண் தெறிக்கவில்லை. தடங்கள் நெருக்கமாக, சாவகாசமாகப் பதிந்திருந்தன. பக்கத்திலேயே ஒரு செருப்புத் தடம்.

அறியாத ஆள் கிட்டப் போனால் அது ஓடும், மடக்கினால் உதைக்கும். வாழைத்தோட்டத்தில் அதைப் பிடிக்கப் போன சிஜு ஒரே உதையில் விழுந்து ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது இப்படி அமைதியாகப் பின்னால் போவது இரண்டே பேரின் பின்னால்தான். ஒன்று அவள்.

தடம் தார்ரோட்டில் முடிந்தது. ஜெனில் தினமும் பூவாருக்கு வண்டி ஏறுவது அங்கேதான்.

பறவையைக் கொண்டுவர வண்டி வேண்டும். அந்தப் பக்கத்தில் சரக்கு ஆட்டோ வைத்திருந்தவர் சிஜு மட்டும்தான். போய் நின்றாள்.

"அண்ணே, நான் பேசினது தப்பு. பூவார் வரைக்கும் வருவீங்களா?"

சிஜு ஆட்டோ சாவியை எடுத்தார். "அந்த மூதேவிய கண்டாலே எனக்கு இடுப்பு நோவும். வண்டில கேறு."

ரிசார்ட்டின் பின்புறம், படகுத்துறை ஓரத்தில், நாலு எட்டு வைக்க இடமில்லாத கூட்டுக்குள் பெட்டை நின்றிருந்தது. வெளியே விருந்தாளிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். படகிலிருந்து இறங்கிய ஜெனில் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"மேனேஜர் இத கேட்டாரு. வண்டியும் அவருதான் அனுப்புனாரு. ஜோலி நிரந்தரமாக்கித் தாறேன்னு சொன்னாரு. ஒங்கிட்ட கேட்டா நீ சம்மதிக்க மாட்டல்லா."

"அதுக்கு சிஜு அண்ணன கள்ளனாக்கணுமா?"

ஜெனில் சிஜுவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீனா கூட்டைத் திறந்தாள். "வா மக்கா" என்றதும் பெட்டை அவள் பின்னால் நடந்து ஆட்டோவில் ஏறியது.

சாயங்காலம் அவள் படலுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். வேலை முடிந்து வந்த ஜெனில், தீவனம் வைக்கச் சாவி கேட்டான்.

"இனி நானே வெச்சுக்கிடுவேன்" என்றாள் ஜீனா.

"என்னைய நம்பல்லியா?"

அவள் அவன் கழற்றிப் போட்ட செருப்பைப் புரட்டி, அடியில் காய்ந்திருந்த செம்மண்ணைப் பார்த்தாள்.